மழை நீங்கலாகப் பேசிய விலை

தங்கச்சி வீட்டு வாசப்படியை இனி மிதிக்க மாட்டேன் என்று பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஊரே கேட்கச் சொல்லிவிட்டு வந்த மாடக்கண்ணு, அந்தத் தங்கச்சி மகளின் கல்யாணத்துக்குப் போகவேண்டிய ஐப்பசி வந்தபோது, சொன்ன சொல்லும் கெடாமல் கல்யாணமும் தவறாமல் இருக்க ஒரே வழிதான் உண்டு என்று கண்டுபிடித்தார். வீட்டைத் தன்னோடு கொண்டுபோய்விடுவது.

கரூரில் அவருக்குத் தொழில், ஓடி ஓய்ந்த பஸ்களை வாங்கி விற்பது. பதினாலு வயதில் கரிசக்காட்டை விட்டு ஓடிவந்து, டீக்கடையில் கிளாஸ் கழுவி, லாரியில் கிளீனராகத் தொத்தி, அடி வாங்கிய இடத்திலெல்லாம் ஒரு பாடம் வாங்கிக்கொண்டு மேலே வந்த மனுஷன். எதிராளி ஒரு விலை சொன்னால் முதலில் சிரிப்பார், பிறகு கோபப்படுவார், பிறகு எழுந்து வாசல்வரை போவார், அங்கிருந்து திரும்பிப் பார்ப்பார். அதற்குள் விலை பாதியாகியிருக்கும். நாற்பது வருஷத்தில் ஒருத்தர் சொன்ன விலையையும் ‘நியாயம்’ என்று அவர் வாய் சொன்னதில்லை. ரத்தினவடிவு, அவர் சம்சாரம், ‘அந்த வார்த்தையை மட்டும் இந்த மனுஷனுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல’ என்பாள்.

தங்கச்சி சண்முகத்தாயோடு சண்டை வந்ததும் இதனால்தான். அவள் மகள் மாரிக்கனிக்கு நாலு வயதில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. ஒரு காது குத்தியாகிவிட்டது. மறு காதுக்கு ஊசியை எடுத்த தட்டானிடம், கூலி பேசவில்லையே என்று மாடக்கண்ணு ஆரம்பித்தார். தட்டானும் வீம்புக்காரர். இவர் சிரித்து, கோபப்பட்டு, வாசல்வரை போகவேண்டிய கட்டம் வந்தபோது மடியில் பிள்ளை இருந்ததால் பிள்ளையோடேயே எழுந்து வாசல்வரை போனார். ஒரு காது குத்தியும் ஒரு காது குத்தாமலும் அந்தப் பிள்ளை அரை மணி நேரம் ஊரைக் கூட்டியது. மச்சினன் காளிராஜ் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “மச்சான், இது சந்தை இல்ல, எம் மக காது” என்றான். அவ்வளவுதான். சீர்த் தட்டு ஒரு பக்கம் பறந்தது, துண்டு ஒரு பக்கம் பறந்தது, சபதம் நடு வாசலில் விழுந்தது. மாரிக்கனியின் இடது காதுத் துளை வலதைவிட இன்றைக்கும் ஒரு நூல் மேலே இருக்கிறது.

அந்த மாரிக்கனிதான் போன் பண்ணினாள்.

“மாமா, நீங்க மாலை எடுத்துக் குடுக்காம நான் மணையில உக்கார மாட்டேன். எங்க அம்மாட்டயும் சொல்லிட்டேன், மாப்பிள்ளை வீட்டுலயும் சொல்லிட்டேன்.”

“நான் உங்க வாசப்படி மிதிக்க மாட்டேன் தாயி.”

“மிதிக்காம வாங்க. எப்படின்னு நீங்கதான் பாக்கணும். எனக்கு ஏற்கெனவே ஒரு காது மேல, ஒரு காது கீழ.”

மாடக்கண்ணு போனை வைத்துவிட்டுப் பட்டறைக்கு நடந்தார்.

பட்டறையில் நின்ற பழைய பஸ் ஒன்றைத் தேர்ந்து, பாடி கட்டும் நாச்சிமுத்து ஆசாரியிடம் விட்டார். உள்ளே ஒரு கட்டில், கேஸ் அடுப்பு, பாத்திரம் கழுவ ஒரு தொட்டி, பின்கோடியில் சின்னதாக ஒரு கழிவறை, கொசுவலை அடித்த ஆறு ஜன்னல், டிரைவர் தலைக்கு மேலே சாமி படம். எல்லாம் பேசியாகிவிட்டது. கடைசியில் கூரை.

“தகட்டு மூட்டுக்கெல்லாம் பசை போட்டு, மேல தார் பூசி, ஓரத்துல வடிகால் வைக்கோணுங்ண்ணா. நீங்க சொல்ற வெலைக்கு வெறும் தகட்டைத்தான் பொருத்த முடியும். மழ பேஞ்சா ஒழுகும்.”

“பேஞ்சாத்தான ஒழுகும்? பெய்யாது.”

“ஐப்பசியில போறீங்க.”

“அதை நான் பாத்துக்கிறேன். நீ மழை நீங்கலா வெலை சொல்லு.”

நாச்சிமுத்து ஆசாரி கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார், கொஞ்ச நேரம் மாடக்கண்ணுவைப் பார்த்தார், பிறகு கையை நீட்டினார். மாடக்கண்ணு தோள் துண்டை எடுத்து இரண்டு கைகளுக்கும் மேலே போட்டார். மாட்டுச் சந்தையில் தரகர்கள் பேசுகிற முறை அது. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை சொல்வதும் விரலை மடக்கி விலை குறைப்பதும் அந்த இரண்டு கைக்கு மட்டும்தான் தெரியும், துண்டை எடுத்தபின் பேச்சு மாறக்கூடாது. மாடக்கண்ணு எதையும் இந்த முறையில்தான் முடிப்பார். ஆசாரியின் விரல்கள் முதலில் திமிறின, பிறகு தளர்ந்தன, பிறகு மடங்கின. துண்டை எடுத்தார்கள். மழை நீங்கலாக முடிந்தது.

வண்டியைப் பட்டறையிலிருந்து எடுத்த அன்று கரூரில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மாடக்கண்ணு வண்டியை வெளியே நகர்த்தினார். மழை விலகிக்கொண்டது. ஒரு களம் அகலத்துக்கு வண்டியைச் சுற்றித் தரை காய்ந்து கிடக்க, அதற்கு அப்பால் நாலு பக்கமும் மழை சுவர் மாதிரி நின்றது. வண்டி நகர்ந்தால் சுவரும் நகர்ந்தது. எதிரே வந்த மொபெட்காரர் ஒருத்தர் உள்ளே நுழைந்ததும் மழைக்கோட்டின் தொப்பியைக் கழற்றினார், வெளியே போகும்போது மாட்டிக்கொண்டார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“வைப்பரை நிப்பாட்டுங்க, சும்மா கண்ணாடியப் போட்டுத் தேச்சுக்கிட்டு” என்றாள் ரத்தினவடிவு.

அவளுக்கு எதையும் சோதித்துப் பார்த்தாக வேண்டும். திண்டுக்கல் போகும் வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி மழைச்சுவர்வரை நடந்து போனாள். உள்ளே நின்றபடி கையை மட்டும் வெளியே நீட்டினாள். முழங்கைவரை நனைந்தது, தோள் காய்ந்திருந்தது. ஒரு செம்புத் தண்ணீரைக் கூரைமேல் வீசிப் பார்த்தாள். தண்ணீர் கூரையைத் தொடாமல் வளைந்து பக்கத்தில் விழுந்தது. புடவையை விரித்து அகலத்தை அளந்தாள். “ஒம்பது புடவை நீளம் இருக்கு” என்று வந்து உட்கார்ந்தாள். “ஆசாரிகிட்ட இவ்வளவுக்கா பேசுனீங்க?”

“நான் பேசுனா முழுசாத்தான் பேசுவேன்” என்றார் மாடக்கண்ணு. வியப்பை முகத்தில் காட்டினால் விலை ஏறிவிடும் என்று பழகிய முகம் அது.

திண்டுக்கல் தாண்டி ஒரு செங்கல் சூளை. அறுத்து வைத்த பச்சைக் கல்லெல்லாம் மழையில் கரைந்து மண்ணாகப் போய்க்கொண்டிருக்க, சூளைக்காரி நடு ரோட்டில் நின்று கையைக் காட்டினாள். நேராக விஷயத்துக்கு வந்தாள்.

“ரெண்டு மணி நேரம் நிப்பாட்டுனா மிச்சத்தை மூடிக்கிருவேன். என்ன வேணும்?”

அவர் சிரித்தார், கோபப்பட்டார், வண்டிவரை போனார், திரும்பிப் பார்த்தார். ரெண்டு மணி நேரம் கழித்துக் கிளம்பும்போது வண்டியின் பின்கோடியில் நாலு கட்டுச்சேவல் கால் கட்டிக் கிடந்தன. ரத்தினவடிவு இறங்கி மறுபடி புடவையால் அளந்தாள். பதினெட்டுப் புடவை. இரண்டு மடங்கு.

மதுரைக்கு முன்னால் ஓர் ஊரில், செத்துப்போன ஒரு பெரியவரை எரிக்க முடியாமல் இரண்டு நாளாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாடக்கண்ணு வாயைத் திறக்குமுன் ரத்தினவடிவு அவர் கையில் கிள்ளினாள். பேரம் இல்லாமல், பறை அடிப்பவர்களுக்கு முன்னால் நடை வேகத்தில் வண்டியை ஓட்டிச் சுடுகாடுவரை போய், நெருப்பு நின்று எரியும்வரை நின்றார்கள். அன்றைக்கு அளந்தபோது பதினெட்டுப் புடவை பதினெட்டாகவே இருந்தது. ரத்தினவடிவு புடவையை மடித்து வைத்தாள். இவர் பேரத்தில் ஜெயித்தால்தான் அகலம் கூடுகிறது என்று புரிந்துகொண்டாள்.

அருப்புக்கோட்டைக்கு வருவதற்குள் செய்தி முந்திக்கொண்டு போய்விட்டது. நெசவாளர் தெருவில் பாவு நூலைத் தெருவோடு நீட்டிக் கஞ்சி போட்டுக் காயவைக்க வழியில்லாமல் தறிகள் சும்மா நின்றிருந்தன. வண்டியைத் தெருமுனையில் நிறுத்தியதும், ஏதோ வாராவாரம் வருகிற வண்டி மாதிரி, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நூலை நீளமாக இழுத்துக் கட்டினார்கள். மற்ற தெருக்காரர்கள் தலையணை, பள்ளிக்கூடச் சீருடை, ஈரம் குடித்த அரிசி, நமத்துப்போன அப்பளம் எல்லாம் கொண்டுவந்து விரித்தார்கள். ஒரு கிழவர் நாற்காலியைப் போட்டு நடுவில் உட்கார்ந்து, நெஞ்சுச் சளி இறங்குது என்றார். போக்குவரத்துப் போலீஸ்காரர் வந்து, துணி ஒரு பக்கம், தானியம் ஒரு பக்கம், நோயாளிகள் ஒரு பக்கம் என்று பிரித்துவிட்டுத் தன் பெல்ட்டையும் கழற்றிக் காயப் போட்டார். மாடக்கண்ணு ஒவ்வொருத்தரிடமும் தனித்தனியாகப் பேசினார். ஒவ்வொரு பேச்சிலும் ஜெயித்தார். சாயங்காலம் கிளம்பும்போது வண்டியில் மாரிக்கனிக்கு ஒரு மாம்பழ நிறக் கல்யாணப் புடவை, ஒரு மூட்டை அப்பளம், ரெண்டு குடை இருந்தன. குடை எதற்கு என்று ரத்தினவடிவு கேட்டாள். சும்மா குடுத்தான், விட முடியுமா என்றார். அவள் புடவையை எடுத்து அளக்கப் போகவில்லை. மழைச்சுவர் கண்ணுக்கெட்டும் தூரத்திலேயே இல்லை.

தங்கச்சி ஊர் ஓடைக்கரைப்பட்டி, எட்டயபுரத்துக்குக் கிழக்கே கரிசல் நடுவில். மறுநாள் காலை பத்து மணிக்கு வண்டி ஊர் எல்லைக்குள் திரும்பியபோது, மேலே மூன்று நாளாகக் கூடி, கருத்து, இப்பவோ அப்பவோ என்று நின்ற மேகம், ஆள் வந்ததும் எழுந்துபோகிற கூட்டம் மாதிரிக் கலைந்து நாலு திக்கிலும் ஒதுங்கியது. வெயில் அடித்தது. எல்லைக்கல் பக்கத்தில் ஊரே நின்றிருந்தது. முன்னால் கிட்டம்மா, ஏழு ஏக்கரில் உளுந்து போட்டிருப்பவள்.

“வாங்கண்ணே. சொகமா? வண்டிய இதுக்கு மேல விடாதீங்க.”

“ஏன், ரோடு உங்க அப்பன் வீட்டுதா?”

“ரோடு கவர்மெண்டுது. மேகம் எங்களுது. ஒரே ஒரு மழையில மொளச்சு, உளுந்து மூணாம் எலை விட்டு நிக்கி. இன்னைக்கு நாளைக்குள்ள ரெண்டாம் மழை விழலைன்னா அத்தனையும் கருகிரும். நேத்தே கேள்விப்பட்டோம், நீங்க வர்றீக, கூட வெயிலும் வருதுன்னு.”

யாரும் இது எப்படி நடக்கிறது என்று கேட்கவில்லை. எப்படி நிறுத்துவது என்றுதான் பேசினார்கள். வண்டியை எட்டயபுரத்தில் விட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் வரலாமே என்று ஒருத்தர் சொன்னார். எட்டயபுரத்துக்காரர்கள் விடியக்காலையே ஆள் அனுப்பி, எங்கள் பக்கம் நிறுத்தினால் டயரைக் கழற்றிவிடுவோம் என்று சொல்லிவிட்டதாக இன்னொருத்தர் சொன்னார். கடற்கரைக்கு ஓட்டிப்போய் உப்பளத்தில் விடலாம், மழை வேண்டாத உப்பளக்காரர்கள் மட்டும்தான் கும்பிட்டு வாங்கிக்கொள்வார்கள் என்று ஒரு யோசனை.

“விட்டுட்டு வந்தா நான் எங்க தங்குறது?” என்றார் மாடக்கண்ணு.

கூட்டம் ஒரே பக்கம் திரும்பிப் பார்த்தது. அங்கே சண்முகத்தாய் நின்றாள். தலை பாதி நரைத்திருந்தது. பத்தொன்பது வருஷம் அவளுக்கு முகத்தில் போகாமல் முழங்காலில் போயிருந்தது. ஒரு காலை இழுத்துத்தான் நடந்து வந்தாள்.

“வீட்டையே கட்டித் தூக்கிட்டு வந்துருக்கியாக்கும்” என்றாள்.

“சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குல்ல.”

“இருக்கட்டும். உன் சொல்லுக்காக ஊர் உளுந்து கருகணுமா? நாளைக்குக் காலையில முகூர்த்தம். எம் மக நீ இல்லாம மணையில உக்கார மாட்டேன்ங்கா. இவங்க நீ இருந்தா ஊருக்குள்ள விட மாட்டேன்ங்காங்க. நான் எந்தப் பக்கம் நிக்க, நீயே சொல்லுண்ணே.”

மாடக்கண்ணுவுக்குக் கோபம் வந்தது. வழக்கமாக வருகிற கோபம் இல்லை. திரும்பிப் பார்ப்பதற்கு வாசல் இல்லாத கோபம். போனை எடுத்து நாச்சிமுத்து ஆசாரியைக் கூப்பிட்டார்.

“யோவ், அந்தக் கூரைப் பேச்சைக் கலைச்சிரு. நீ கேட்ட வெலைய வாங்கிக்க.”

“துண்டுக்கு அடியில பேசுனதை போன்ல அவுக்க முடியாதுங்ண்ணா” என்றார் ஆசாரி, அந்தப் பக்கம் ரம்பச் சத்தத்துக்கு நடுவில். “ரெண்டு கையும் துண்டுக்குள்ள போயாகோணும். நான் வந்து சேர நாளைக்கு மத்தியானம் ஆயிருமுங்க. அங்கயே என் பக்கத்துக்கு ஒரு கையை வெச்சுக்கோங்க, தரகன் கை மாதிரி. ஒண்ணே ஒண்ணு. உங்ககிட்டப் பேசி ஒரு தடவையும் தோக்காத கையா இருக்கோணும்.”

மாடக்கண்ணு சுற்றிப் பார்த்தார். கிட்டம்மாவின் அப்பனிடம் மாடு வாங்கியிருந்தார். எதிரே நின்றவனுக்குப் பஸ் விற்றிருந்தார். பின்னால் நின்றவனின் தோட்டத்தைப் பாதி விலைக்குப் பேசிவிட்டு, அதையும் வேண்டாம் என்று விட்டிருந்தார். அந்தக் கூட்டத்தில் அவரிடம் தோற்காத கை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஏழு வயதில் ஒரு பனங்கிழங்கைக் காட்டி, அதுவும் பாதி தின்ற கிழங்கு, அவருடைய பம்பரத்தையும் கயிற்றையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போன கை.

“ஏ சம்முகம்” என்றார். “இங்க வா. கையக் குடு.”

காளிராஜ் தன் தோள் துண்டை எடுத்து உதறி, இரண்டு கைகளுக்கும் மேலே போட்டான். ஊர் எட்டி நின்றது. துண்டுக்குக் கீழே பார்ப்பது மரியாதை இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

சண்முகத்தாய் அவர் விரல்களைப் பிடித்தாள். கேட்டாள். அது ஆசாரி கேட்டதைவிட அதிகம். அது ரூபாயா, நாளா, வருஷமா என்று அவருக்குத்தான் தெரியும். அவருடைய ஆள்காட்டி விரல் பழக்கதோஷத்தில் மடங்கப் பார்த்தது. சிரிக்க வேண்டும். பிறகு கோபப்பட வேண்டும். பிறகு எழுந்து போக வேண்டும். அவள் விரல்களில் மிளகாய் ஆய்ந்த எரிச்சல் இருந்தது, அது அவர் கையில் ஏறியது. மடங்கப்போன விரலை அவர் நீட்டினார். கை அப்படியே கிடந்தது. அவள் இன்னொரு விரலையும் சேர்த்துப் பிடித்தாள், இவன் உண்மையாகத்தான் கிடக்கிறானா என்று பார்க்கிற மாதிரி. அதற்கும் கை கிடந்தது. கடைசியில் அவள் எல்லா விரலையும் ஒன்றாகச் சேர்த்து இறுக்கினாள். சந்தையில் எந்தத் தரகனும் பிடிக்காத பிடி அது.

துண்டின்மேல் ஒரு சொட்டு விழுந்தது. புளியங்கொட்டை அளவு ஈரம். பிறகு இன்னொன்று. கிட்டம்மா அண்ணாந்து பார்த்து, “எல்லாரும் போயி வரப்ப வெட்டி விடுங்க, தண்ணி நின்னா உளுந்து அழுகிரும்” என்று சத்தம் போட்டுக்கொண்டே ஓடினாள். ஊர் ஓடியது. வானம் மூன்று நாள் பாக்கியைச் சேர்த்துப் பெய்ய ஆரம்பித்தது.

வண்டியைத் தங்கச்சி வீட்டு வாசலுக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தினார் மாடக்கண்ணு. தன் வீட்டில் தான் இருப்பேன், முகூர்த்தத்துக்குப் பந்தலுக்கு வருவேன், மாலை எடுத்துக் கொடுப்பேன், வாசப்படி மிதிக்க மாட்டேன். அதில் மாற்றமில்லை.

கால் மணி நேரத்தில் கூரை ஒழுக ஆரம்பித்தது. முதலில் சாமி படத்துக்கு மேலே. பிறகு கட்டிலுக்கு மேலே. பிறகு எண்ண முடியவில்லை. தகடு தகடாக, மூட்டு மூட்டாக, வாங்கின விலைக்கு வஞ்சகமில்லாமல் ஒழுகியது. வாளி, அண்டா, குக்கர், டம்ளர் எல்லாம் நிரம்பின. சேவல்கள் நனைந்து கத்தின. ரத்தினவடிவு மாம்பழ நிறப் புடவையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு, “நீங்க உங்க வீட்டுல இருங்க, நான் நாத்தனா வீட்டுக்குப் போறேன்” என்று இறங்கிப் போய்விட்டாள். அவர் அருப்புக்கோட்டையில் சும்மா வாங்கிய குடையைக் கட்டில்மேல் விரித்துக்கொண்டு, தன் வண்டிக்குள், தன் குடைக்குக் கீழே, பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தார்.

மாலையில் காளிராஜ் முழங்கால் தண்ணீரில் நடந்துவந்து வண்டிக் கதவைத் தட்டினான்.

“மச்சான், ஒரு விஷயம்.”

“என்னா?”

“வாசப்படி எங்க இருக்குன்னு தெரியல. தண்ணி மூடிருச்சு. நானே குத்துமதிப்பாத்தான் இறங்கி வந்தேன். இப்ப நீங்க நடந்து வந்தா, மிதிச்சது தண்ணியா படியான்னு எவன் வந்து சாட்சி சொல்லப் போறான்?”

மாடக்கண்ணு வெளியே பார்த்தார். வண்டிக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரே கலங்கல் தண்ணீர். கதவுக்கு அந்தப் பக்கம் மாரிக்கனி, கையில் மருதாணி காயாமல் இரண்டு கையையும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். விளக்கு வெளிச்சத்தில் அவள் தோடு இரண்டும் ஒரு நூல் ஏற்ற இறக்கமாகத் தெரிந்தன.

“மாமா, வாங்க. சீக்கிரம் முடிவு பண்ணுங்க, தண்ணி வடிஞ்சிரும்” என்றாள்.

அவர் குடையை மடக்கினார். இறங்கினார். தண்ணீருக்குள் கால் எதையோ மிதித்தது. கல்லா மண்ணா என்று அவர் பார்க்கவில்லை. உள்ளே சண்முகத்தாய், தலை துவட்ட, பேச்சு முடித்த அந்தத் துண்டையே எடுத்து நீட்டினாள், முதல் சொட்டு விழுந்த தடம் மட்டும் காயாமல் இருந்தது. அவர் வாங்கித் துவட்டினார். அடுப்பங்கரையில் யாரோ மாவு அரைக்கிற சத்தம், வெளியே உளுந்தில் மழை விழுகிற சத்தம்.

“அண்ணே” என்றாள் அவள். “நான் ரொம்பக் கூடக் கேட்டுட்டனோ?”

மாடக்கண்ணு துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை. அதற்குள்ளிருந்தே சொன்னார்.

“நியாயமாத்தான் கேட்ட.”

ரத்தினவடிவு, ஈரப் புடவையைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தவள், கையை அப்படியே நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். நாலு நாளாக எதற்கும் ஆச்சரியப்படாத அவள் முகத்தில் அப்போதுதான் ஆச்சரியம் வந்தது.